தார் பூசிய வரி: சுலோகங்களும் எதிர்ச் சுலோகங்களும்

1958 ஏப்ரலில் எனக்கு ஒன்பது வயது. தென்பகுதியில் ஒரு சிறு நகரில் வாப்பாவுக்குப் புடவைக் கடை இருந்தது. கடையின் பெயர்ப்பலகையில் மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். ஒருநாள் காலையில் கடை திறக்கப் போன வாப்பா போன கையோடு திரும்பி வந்தார். இரவோடிரவாக யாரோ நடுவரிக்குத் தார் பூசிவிட்டிருந்தார்கள்.

"நாங்க சோனக ஆக்கள்தானே, எங்கட போர்டுக்கு ஏன்?" என்று கேட்டார் உம்மா.

"தாருக்கு அதெல்லாம் வெளங்குமா?" என்றார் வாப்பா.

அன்று பின்னேரமே பலகை இறக்கப்பட்டது. மறுபடியும் அது ஏறியபோது இரண்டு வரிகள்தான் இருந்தன.

அந்தத் தார் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் அறிந்தேன். அது ஒரு சுலோகத்திலிருந்து வந்தது. அந்தச் சுலோகமோ தொடக்கத்தில் நியாயமான ஒரு முறைப்பாடாகவே இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் பொலிஸில் முறைப்பாடு எழுதுவதும் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்வதும் ஆங்கிலத்தில். தன் வழக்கில் என்ன நடந்தது என்பதே வழக்காளிக்குத் தெரியாது. இதற்கு எதிராக எழுந்த குரல்தான் 'சுயபாஷை'. சிங்களமும் தமிழும் சேர்ந்தே அந்தச் சொல்லுக்குள் இருந்தன. 1943இல் அரசாங்க சபையில் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். 1944இல் அது விவாதத்துக்கு வந்தபோது வி. நல்லையா தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்வைத்தார். சபை அதை ஏற்றுக்கொண்டது. சுயபாஷை என்ற சொல் அன்று தன் பொருளை இழக்கவில்லை.

1951இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி பிறந்தபோதும் அதன் கொள்கை இரு மொழிகளுமே. 1954இல் யாழ்ப்பாணம் சென்ற பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று வாக்களித்தார். அதனால் தெற்கில் எழுந்த எதிர்ப்பைக் கண்ட பண்டாரநாயக்க, 1955 டிசம்பரில் தம் கட்சியைத் 'தனிச் சிங்கள'த்துக்குத் திருப்பினார். 1956 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சியும் அதையே ஏற்றது. பிறகு போட்டி வேகத்தில்தான். 'இருபத்து நான்கு மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும்' என்ற சுலோகம் வென்றது. ஆங்கிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு தமிழுக்கு எதிராக எழுதப்பட்டது. 'மட்டும்' என்ற ஒரு சொல் அதைச் செய்தது. அந்தச் சுலோகத்துக்குப் பின்னால் நின்ற கிராமத்து ஆசிரியரும் ஆயுர்வேத வைத்தியரும் விவசாயியும் ஆங்கிலம் அறியாததால் உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. உண்மையான வலி இல்லாத இடத்தில் எந்த இனவாதச் சுலோகமும் வேர் பிடிப்பதில்லை.

இதற்கு எழுந்த எதிர்ச் சுலோகங்களில் மிகச் சிறந்தது கொல்வின் ஆர். டி சில்வாவுடையது. ஒரு மொழியென்றால் இரண்டு நாடு, இரண்டு மொழியென்றால் ஒரு நாடு. இன்றுவரை நாம் அதை மேடைகளில் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் அந்தச் சுலோகத்தின் பிற்கால வரலாற்றை யாரும் சொல்வதில்லை. 1966 ஜனவரியில் டட்லி சேனாநாயக்க அரசு தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து வீதியில் இறங்கிய கூட்டணியில் கொல்வினின் சமசமாஜக் கட்சியும் இருந்தது. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று பொருள்படும் கோஷம் அந்த நாட்களில் இடதுசாரிகளின் வாயிலிருந்தே வந்தது. 1972இல் குடியரசு அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர் அதே கொல்வின்தான். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பது அதில் எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. நல்ல சுலோகம் அதைச் சொன்னவரைக்கூடக் காப்பாற்றவில்லை.

இன்னொரு வகை எதிர்ச் சுலோகம், அடித்தவனின் ஆயுதத்தையே கையில் எடுப்பது. வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது வடக்கில் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். வாப்பாவின் பலகைக்கு வந்தது அந்தத் தார்தான். ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள்; பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் தார் இரத்தமாயிற்று.

நமது சமூகம் இதில் எங்கே நின்றது? சேர் ராசிக் பரீத் போன்ற தலைவர்கள் தனிச் சிங்களத்தை ஆதரித்தார்கள். தெற்கில் சிதறி வாழ்ந்த, வியாபாரத்தை நம்பிய ஒரு சமூகத்தின் அச்சம் அதில் இருந்தது. அதை நான் எளிதாகப் பழிக்கமாட்டேன்; வாப்பாவும் பலகையை மாற்றியவர்தானே. கிழக்கிலோ நிலைமை வேறு. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாக நின்ற முஸ்லிம்கள் வென்றார்கள். 'தமிழ்பேசும் மக்கள்' என்ற சுலோகம் அவர்களை அழைத்திருந்தது. தார் பூசப்பட்ட மொழி நமதுதான் என்பதால் அந்த அழைப்பில் உண்மையும் இருந்தது. ஆனால் 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். தமிழ்பேசுவோர் என்ற சொல் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எதிர்ச் சுலோகத்துக்குள்ளும் ஒரு 'மட்டும்' ஒளிந்திருக்கும் என்பதை நாம் இரண்டு பக்கத்திலும் அடிபட்டுத்தான் கற்றோம்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாக இருக்கும் என்றது. 1944இல் நல்லையா கேட்ட அதே 'உம்'. அது திரும்பி வருவதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் சென்றன.

'மட்டும்' பழசாகிவிட்ட காலத்தில் 'ஒரே' வந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் வந்த ஜனாதிபதித் தேர்தலில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்ற சுலோகம் எங்கும் ஒலித்தது. இதை எதிர்ப்பது கடினம். சட்டத்தின் முன் சமத்துவம் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கண்டியச் சட்டமும் தேசவழமையும் இருக்கிற நாட்டில், விரல் நீண்டதென்னவோ நம்மை நோக்கித்தான். 2021 ஒக்டோபரில் அதற்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டு, ஞானசார தேரர் தலைவராக்கப்பட்டார். பதின்மூன்று பேரில் ஒரு தமிழர்கூட முதலில் இருக்கவில்லை. 'ஒரே' யாருடையது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே நமது எதிர்ச் சுலோகத்தையும் நான் பேசியாக வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துமாறு நமது பெண்கள் பல தசாப்தங்களாகக் கேட்டு வருகிறார்கள். 2009இல் அமைந்த நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கையளித்தது, அதுவும் இரண்டாகப் பிளந்த பரிந்துரைகளோடு. வெளியிலிருந்து 'ஒரே சட்டம்' என்ற கூச்சல் வந்தபோது, உள்ளே நாம் 'மார்க்கத்தில் கைவைக்காதே' என்று திருப்பிக் கூவினோம். அந்தக் கூச்சலில் மூழ்கிப்போனது நமது பெண்களின் குரல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட நிக்காஹ் செய்ய இடமளிக்கும் ஒரு சட்டத்தை இனவாதிகள் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதற்காகவே நாம் காப்பாற்ற வேண்டுமா?

என் அனுபவத்தில் ஒரே ஒரு எதிர்ச் சுலோகம்தான் வேறுமாதிரி இருந்தது. அதில் சொற்களே இருக்கவில்லை. 2020இல் கொவிட் தொற்றால் மௌத்தானவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தது, கேட்பாரில்லை. டிசம்பரில் இருபது நாள் வயதுடைய ஒரு பச்சிளம் குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அதன் பிறகு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் சிறுசிறு வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. இரவில் அவற்றை அகற்றினார்கள். மறுபடியும் கட்டினார்கள். கட்டிய கைகளில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் எல்லோருடைய கைகளும் இருந்தன. 2021 பெப்ரவரி இறுதியில் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. வெளிநாட்டு அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது உண்மைதான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவர்களுக்கு அது எட்டப்போவதில்லை.

ஆனாலும் அந்தத் துணியை நான் மறக்கவில்லை. அது 'முஸ்லிம்' என்றும் சொல்லவில்லை, 'எல்லோரும்' என்றும் சொல்லவில்லை. நடந்த ஓர் அநியாயத்தை மட்டும் காட்டியது. அதனால்தான் மற்றவர்களும் அதன் பக்கத்தில் வந்து நிற்க முடிந்தது. இனி ஒரு சுலோகம் நம் வாயில் வரும்போது, அது எதிரியுடையதோ நம்முடையதோ, அதிலுள்ள சின்னச் சொல்லைப் பிடித்து, இதில் யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்போம்.

அந்த டிசம்பரில் நானும் என் வீட்டுக் கேற்றில் ஒரு துணி கட்டினேன். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, "மாஸ்டர், இது எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "இன்னொரு துண்டு இருக்கா?" என்றார்.