திறந்த அரசு: வாக்குறுதியை அளப்பது எப்படி?

திறந்த அரசு என்பது, அரசின் வரவு செலவையும் முடிவுகளையும் மக்கள் கேட்டறிந்து சரிபார்க்க இடந்தரும் ஆட்சிமுறையாகும். இதில் ஓர் அரசு எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதை மூன்று கேள்விகளால் அளக்கலாம். பதில் தரக் காலவரம்பு உண்டா? தராதவருக்குத் தண்டம் உண்டா? அரசைச் சாராமல் சரிபார்ப்பவர் உண்டா?

தொடக்கம்

1994இல் இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு பொது விசாரணைகளைத் தொடங்கியது. கூலிப் பட்டியலில் இருந்த பெயர்கள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலையே செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது.

1997இல் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. எனினும் அச்சட்டத்தில் விலக்குகள் இருபதுக்கும் மேல். மேல்முறையீட்டுக்குத் தன்னாட்சி ஆணையம் இல்லை. நடுவண் அரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டம்

2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூன்று கேள்விகளுக்கும் விடை தந்தது. பதில் தர 30 நாள்; உயிர், விடுதலை தொடர்பானால் 48 மணி நேரம். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை தண்டம். மேல்முறையீட்டுக்குத் தகவல் ஆணையங்கள். ஆனால் ஆணையம் எத்தனை நாளில் தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இது இன்றுவரை உள்ள குறை.

பின்வந்த மாற்றங்கள்

2011இல் எட்டு நாடுகள் திறந்த அரசுக் கூட்டாண்மையைத் தொடங்கின. உறுப்பு நாடுகள் செயல்திட்டம் வெளியிட வேண்டும். அதன் நிறைவேற்றத்தைத் தனி மதிப்பீட்டாளர்கள் ஆராய்வர். தொடக்கப் பேச்சுகளில் பங்கேற்ற இந்தியா பின்னர் விலகிக்கொண்டது. இலங்கை 2015இல் சேர்ந்து, மறு ஆண்டே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. ஐந்தாண்டாக இருந்த பதவிக்காலம் மூன்றாண்டானது. 2023ஆம் ஆண்டு எண்மத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதத் தகவலுக்கான விலக்கை விரிவாக்கியது. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியுள்ளது. எனினும், இராஜஸ்தானில் படித்ததுபோல் பெயர்ப் பட்டியலைக் கேட்டால் இனிக் கிடைக்குமா என்பதே தகவல் உரிமை ஆர்வலர்களின் அச்சம்.

மதிப்பீடு

முதல் இரண்டு கேள்விகளுக்குச் சட்டத்தில் விடை உண்டு. மூன்றாவதில் நாம் பின்னோக்கி நகர்ந்துள்ளோம் என்றே கருத வேண்டியுள்ளது.

ஆயினும் சரிபார்க்கும் வாய்ப்பு ஊரளவில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் வையம்பட்டி ஒன்றியத்துச் சிற்றூரானாலும், தமிழகத்தின் எந்தச் சிற்றூரானாலும், கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அதற்குரிய நாள்கள். மாணவர்கள் ஒருமுறையேனும் அங்கே சென்று அமர்ந்து, கணக்கு வாசிக்கப்படுவதைக் கேட்க வேண்டும்.