தொலைவை அளக்கும் கண்

கோலார் தங்கவயலுக்கு மேற்கே, பாறைக் குன்றுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் பூதிகோட்டை. மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1720ஆம் ஆண்டையொட்டி இவ்வூரில் பிறந்தார் என்பர். அவர் மறைந்தது 1782இல். புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றதோ 1839இல்தான். ஆதலின், அவ்வீரரின் முகத்தை ஓவியர் தீட்டியவாறே நாம் அறிகின்றோம். அவ்வூரில் நின்று ஒரு பழைய காமிராவை முதன்முறையாக இயக்கிப் பார்த்த செய்தியையும், அதனோடு பிணைந்த வரலாற்றையும் நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

அக்காமிரா என் தாய்மாமனுடையது. சோர்க்கி-4 என்னும் சோவியத் நாட்டுக் கருவி. தங்கச் சுரங்கத்தில் பணியாற்றிய காலத்தில் அவர் உடனுழைத்தோரின் திருமணங்களையும் பண்டிகைகளையும் குழந்தைகளையும் அதில் படமெடுத்தார். எப்பொழுதும் கருவிக்குப் பின்னால் நின்றவர் அவரே. ஆகையால் அந்நாளைய அவர் படம் ஒன்றேனும் வீட்டில் இல்லை. காலங்கடந்தேனும் அக்குறையைத் தீர்க்க எண்ணி, விடுமுறையில் ஊர் வந்த நான் அவரையும் அழைத்துக்கொண்டு பூதிகோட்டைக்குச் சென்றேன்.

இவ்வகைக் கருவியை ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா, அதாவது தொலைவுமானி பொருந்திய காமிரா என்பர். அதன் முகப்பில், ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் உள்ளன. இரண்டின் வழியே வரும் உருவங்களும் பார்ப்பவர் கண்ணில் ஒருங்கே விழும். முதலில் முகம் இரட்டையாகத் தோன்றும். லென்ஸைத் திருகத் திருக இரண்டாவது உருவம் நகர்ந்து, முதலாவதன்மேல் படியும். இரண்டும் ஒன்றாகும் நிலையில் தொலைவு சரியாயிற்று என்று பொருள். ஓர் அடிக்கோடும் கோணமும் தெரிந்தால் எட்டாத பொருளின் தொலைவு தெரியும் என்னும் முக்கோணக் கணக்கே இது.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆஸ்கார் பர்னாக் 1914ஆம் ஆண்டளவில் ஒரு சிறு காமிராவை உருவாக்கினார். சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்திய அக்கருவி, 1925இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. தொலைவுமானியும் லென்ஸும் இணைந்தியங்கும் லைக்கா 1932இல் பிறந்தது. அதனைப் பின்பற்றி 1934இல் கார்க்கிவ் நகரில் ஃபெட் காமிராவும், 1948இல் மாஸ்கோவுக்கு அருகே சோர்க்கியும் உற்பத்தியாயின. முக்காலியின் துணையின்றிக் கையிலேந்தி எடுக்கத்தக்க இக்கருவிகளால், எளியோர் இல்லங்களுக்குள்ளும் காமிரா புகுந்தது.

இம்முக்கோணக் கணக்கிற்கும் மைசூர் மண்ணிற்கும் பழைய உறவு உண்டு. 1799இல் ஹைதரின் மைந்தர் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் அந்நாட்டை அளக்கத் தொடங்கினர். வில்லியம் லாம்டன் 1800இல் பெங்களூருக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே மற்றொன்றை அளந்தார். அதே 1802இல் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், கோலார்ப் பகுதியில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை அறிந்து எழுதி வைத்தார். எல்லையை அளக்க வந்தவர் கண்ணில் பொன் பட்டது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பெற்றன.

இனி, படமெடுத்த கதைக்கு வருவோம். சோர்க்கியில் படச்சுருளைத் திருகி முடித்த பின்னரே ஷட்டரின் வேகத்தை மாற்றுதல் வேண்டும். முன்னரே மாற்றினால் பொறி கெடும். அதனை நன்கு நினைவில் கொண்டேன். மாமாவைப் பாறையருகே நிறுத்தி, இரட்டை முகத்தை ஒன்றாக்கி, நான்கு படங்கள் எடுத்தேன். ஐந்தாவதற்குமுன் அவர் புன்னகையுடன், “மூடியைக் கழற்றினாயா, மாப்பிள்ளை?” என்றார். கழற்றவில்லை! நாம் நோக்குவது சாளரத்தின் வழியே. படம் விழுவதோ லென்ஸின் வழியே. ஆகவே லென்ஸ் மூடியிருந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். அறிந்திருந்தும் நாற்பது ஆண்டுகளுக்குமுன் தாமும் அவ்வாறே தவறியதாகக் கூறி அவர் தேற்றினார்.

சுருளைக் கழுவியபோது முதல் நான்கு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. ஐந்தாவதில் மாமா இருந்தார். நரைத்த மீசையும், கண்ணோரச் சுருக்கங்களும், சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியும் தெளிவாக விழுந்திருந்தன. அப்படத்தை நெடுநேரம் நோக்கிய அவர், பெட்டியிலிருந்து தாம் எடுத்த பழைய படங்களைக் கொணர்ந்தார். பலவற்றில் இருப்போர் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. எஞ்சியவற்றின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே! உங்கள் பெட்டிகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும். மன்னர் முகங்களை ஓவியர் காத்தனர். உழைத்தோர் முகங்களைச் சிறு காமிராக்கள் காத்தன. அம்முகங்களுக்கு உரிய பெயர்களைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அடுத்த முறை ஊர் செல்லும்பொழுது, அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.