பூட்டிய அறையும் திறந்த மன்றமும்

துப்பறியும் கதை என்றதும் கற்றோர் சிலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. இரயில் பயணத்தில் பொழுதைப் போக்குவதற்காகப் படித்துவிட்டு, இறங்கும் நிலையத்திலேயே மறந்துவிட வேண்டிய சரக்கு என்று அதனை ஒதுக்குவார்கள். ஊருக்குப் போய்வர நெடுந்தூரம் இரயிலேறும் நம்மவர்களுக்கு அக்கதைகள் எத்துணை உற்ற துணை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவை பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஒரு நாட்டு மக்கள் எதைக் கண்டு அஞ்சினர், எவரை நம்பினர், நீதி அவர்கள் நடுவே எப்படித் தடுமாறியது என்பவற்றைச் சில வேளைகளில் சட்ட நூல்களைக் காட்டிலும் துப்பறியும் கதைகளே தெளிவாகக் காட்டுகின்றன. இதற்குச் சான்றாக ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தையும் அதற்கு மூலமான நாவலையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

படத்தின் பெயர் ‘மஞ்சள் அறையின் மர்மம்’. 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் புருனோ பொதாலிதேஸ். கதாநாயகனாக நடித்தவர் அவருடைய உடன்பிறந்தவரும் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கொமெதி பிரான்சேஸ் நாடக மன்றத்தின் நடிகருமான தெனி பொதாலிதேஸ். மூலநாவலை எழுதியவர் காஸ்தோன் லெரூ. 1907ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு பிரெஞ்சு வார இதழின் இணைப்பில் தொடர்கதையாக வந்து, 1908இல் நூலுருப் பெற்றது அது. இதே கதையை 1930இல் மார்செல் லெர்பியேயும், 1949இல் ஆன்றி எஸ்னேரும் படமாக்கியிருந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு கதை புதிதாகப் படமாகிறது என்றால், அதில் வெறும் புதிருக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருக்க வேண்டும் அன்றோ?

கதையைச் சுருக்கமாகக் காண்போம். ஆண்டு 1892. பாரிசுக்கு அருகே கிளாந்தியே என்னும் பழைய கோட்டை. அங்கே ஸ்டாங்கர்சன் என்னும் பேராசிரியரும் அவர் மகள் மத்தில்டும் ஒதுங்கி வாழ்ந்து விஞ்ஞான ஆராய்ச்சி செய்துவருகிறார்கள். ஓரிரவு மகள் ஆராய்ச்சிக் கூடத்தை ஒட்டிய மஞ்சள் அறைக்குள் உறங்கச் சென்று கதவைத் தாழிடுகிறாள். தந்தையும் முதிய பணியாளும் கூடத்திலேயே இருக்கிறார்கள். திடீரென்று உள்ளேயிருந்து அபயக் குரல். துப்பாக்கி வெடிக்கும் ஓசை. கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தால், அப்பெண் குருதி வெள்ளத்தில் கிடக்கிறாள். சுவரில் குருதி தோய்ந்த ஒரு கைத்தடம். சன்னலுக்குக் கம்பிகள் உண்டு, அவை அசையவில்லை. கதவுக்கு வெளியே ஆட்கள் இருந்தார்கள், எவரும் வெளியேறவில்லை. அறைக்குள்ளோ வேறு ஆள் இல்லை!

இப்புதிரை விடுவிக்க இருவர் வருகிறார்கள். ஒருவர் காவல்துறையின் பெரும்புகழ் பெற்ற துப்பறிவாளர் லார்சான். மற்றவன் பத்திரிகை நிருபன் ரூல்தாபீய்; வயது பதினெட்டுதான். மத்தில்டை மணக்கவிருந்த தார்ஸாக் என்னும் அறிஞரே குற்றவாளி என்று லார்சான் தடயத்தின் மேல் தடயமாக அடுக்குகிறார். குற்றம் நிகழ்ந்த வேளையில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்குத் தார்ஸாக் விடை சொல்ல மறுக்கிறார். வழக்கு வெர்சாய் நீதிமன்றத்துக்குப் போகிறது. கொலைத் தண்டனையின் நிழல் அவர் மேல் விழுந்திருக்கும் நேரத்தில், நிருபன் மன்றத்துக்குள் நுழைகிறான்.

குற்றவாளி யார் என்பதை நாம் இங்கே வெளியிடப் போவதில்லை. அது நாவலைப் படிப்பவர்க்கும் படத்தைப் பார்ப்பவர்க்கும் உரிய செல்வம். ஒன்றை மட்டும் சொல்வோம். “உள்ளே இருந்தவன் எப்படி வெளியே போனான்?” என்று எல்லோரும் கேட்கும்போது, அந்த இளைஞன் கேள்வியையே மாற்றிக் கேட்கிறான். தடயங்களைக் கொண்டு முடிவுக்கு வருவது ஒரு வழி. முடிவை முதலில் வைத்துக்கொண்டு தடயங்களை அதற்குப் பொருத்துவது மற்றொரு வழி. முதல் வழியே அறிவின் சரியான நுனி என்பது அவன் கொள்கை. தன் அறிவு வகுத்த வட்டத்துக்குள் அடங்கும் தடயத்தையே அவன் ஏற்பான். அடங்காததைக் கண்ணால் கண்டாலும் ஐயுறுவான்.

இந்தப் பாடத்தை லெரூ எங்கே கற்றார்? இங்கேதான் கதை வரலாற்றோடு கை கோக்கிறது.

லெரூ 1868இல் பாரிசில் பிறந்தவர். சட்டம் பயின்று, பின்னர்ப் பத்திரிகைத் துறையில் புகுந்து, ‘ல மத்தேன்’ என்னும் நாளிதழின் நீதிமன்ற நிருபரானார். அவர் எழுதிய வழக்குகளில் தலையாயது ட்ரைபஸ் வழக்கு. 1894இல் பாரிசிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்தின் குப்பைக் கூடையில் ஒரு கிழிந்த கடிதம் அகப்பட்டது. பிரெஞ்சு இராணுவ இரகசியங்களை விற்க முன்வந்தவன் எழுதிய கடிதம் அது. பழி ஆல்பிரட் ட்ரைபஸ் என்ற கேப்டனின் மேல் விழுந்தது. அவர் யூதர், 1871இல் ஜெர்மனி பறித்துக்கொண்ட அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். அவருடைய குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையையே விரும்பித் தேர்ந்துகொண்டது. ஆயினும் அவர் ‘நம்மவர் அல்லர்’ என்ற எண்ணம் அதிகாரிகளின் மனத்தில் ஏற்கெனவே அறையைப் பூட்டிவிட்டது.

கடிதத்தின் எழுத்து ட்ரைபஸின் எழுத்துதானா என்று ஆராய அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். குற்றவாளிகளின் உடலுறுப்புகளை அளந்து அடையாளம் காணும் முறையை வகுத்து, உலகப் புகழ் எய்தியவர் அவர். எழுத்தாராய்ச்சியோ அவர் துறை அன்று. இரண்டு கையெழுத்துகளும் சில இடங்களில் வேறுபட்டன. அவ்வேறுபாட்டுக்கு அவர் கூறிய விளக்கம் வியப்புக்குரியது: பிறர் தம் எழுத்தைப் போலியாக எழுதியதாகத் தோன்ற வேண்டுமென்று ட்ரைபஸே தம் எழுத்தைச் சற்று மாற்றி எழுதினாராம்! எழுத்து ஒத்திருந்தாலும் அவர் குற்றவாளி. ஒவ்வாதிருந்தாலும் அவரே குற்றவாளி. சன்னலும் கதவும் இல்லாத அறை என்றால் இதுவன்றோ அது!

ட்ரைபஸ் டெவில்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். உண்மையில் கடிதத்தை எழுதியவன் எஸ்தர்ஹாஸி என்னும் அதிகாரி என்பதை பிக்கார் என்ற இராணுவ அதிகாரி 1896இலேயே கண்டறிந்தார். அதற்குப் பரிசாக அவர் தொலைவிடத்துக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் ‘ல மத்தேன்’ அக்கடிதத்தின் படியை அப்படியே அச்சிட்டு வெளியிட்டது. பூட்டி வைத்த சான்று மக்கள் கண்ணுக்கு வந்தது. அடுத்த ஆண்டில், அதன் படி ஒன்றைப் பார்த்த ஒரு வங்கித் தொழிலர், “இது எஸ்தர்ஹாஸியின் எழுத்து” என்று அடையாளம் கண்டார். 1898 ஜனவரியில் எமில் ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தை ‘லோரோர்’ நாளிதழ் வெளியிட்டது. ட்ரைபஸுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டிய பத்திரிகைகளும் மிகப் பல என்பதை நாம் மறைக்கலாகாது. எனினும் அலுவலகம் திறக்க மறுத்த கதவை அச்சுத்தாள் திறந்தது.

1899இல் ரென் நகரில் இரண்டாம் முறையாக இராணுவ நீதிமன்றம் கூடியது. லெரூ அங்கே நிருபராக அமர்ந்திருந்தார். பெர்த்தியோன் மீண்டும் வந்து சாட்சி கூறினார். ட்ரைபஸ் குற்றவாளி என்றே மீண்டும் தீர்ப்பாயிற்று. சில நாட்களில் மன்னிப்பு வழங்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! பின்னர் பொயன்காரே முதலிய கணித மேதைகள் மூவர் 1904இல் பெர்த்தியோனின் கணக்கை ஆராய்ந்து, அது அறிவுக்குப் பொருந்தாதது என்று அறிக்கை தந்தனர். 1906 ஜூலை 12ஆம் நாள் பிரான்சின் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. பதினான்கு மாதங்களுக்குப் பின் மஞ்சள் அறையின் முதல் அத்தியாயம் வெளிவந்தது.

நாவலில் ட்ரைபஸின் பெயர் இல்லை; அதனை அவ்வழக்கின் உருவகக் கதை என்று நாம் வலிந்து கூறவும் மாட்டோம். தார்ஸாக்கின் மௌனம் குற்றமாகக் கொள்ளப்பட்டது. ட்ரைபஸோ தாம் குற்றமற்றவர் என்று ஓயாது முழங்கியவர். ஆனால் இரண்டிலும் ஒரே அச்சம் உறைகிறது. சான்றுகள் பொய் சொல்லாமலிருந்தாலும், அவற்றை ஏந்தி வருபவரின் புகழ் நம் கண்ணை மறைத்துவிடலாம் என்பதே அது. எட்கர் ஆலன் போ 1841இல் படைத்த துப்பறிவாளர் ஓய்விலிருக்கும் உயர்குடியினர். கபோரியோ படைத்தவர் காவல்துறையினர். லெரூவோ ஒரு நிருபனைப் படைத்தார். அது தற்செயல் அன்று. பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1881இல் வந்த பின், நாளிதழே பிரெஞ்சு மக்களின் பொது மன்றமாகிவிட்டிருந்தது.

சுவரிலிருந்த கைத்தடத்தைப் பற்றியும் ஒரு சொல். கதை நிகழும் 1892இல் அத்தகைய தடம், கை பெரிதா சிறிதா என்பதைச் சொல்லுமேயன்றி ஆளின் பெயரைச் சொல்லாது. கைரேகையைப் பற்றிய கால்டனின் நூல் அதே ஆண்டில்தான் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1897இல், நம் கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பெற்று, பெர்த்தியோனின் அளவை முறையை ஒதுக்கிவிட்டது. அங்குப் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பால் உருவான பகுப்பு முறை 1901இல் இலண்டன் காவல்துறைக்கும் சென்றது. கல்கத்தாவில் வாழும் நம் அன்பர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி இது.

படத்துக்கு வருவோம். சொல்லால் மறைப்பது எளிது. காட்டிக்கொண்டே மறைப்பது அரிது. காமிரா அறையைக் காட்டியாக வேண்டும். மர்மமும் குலையக் கூடாது. மெல்லிய நகைச்சுவையைத் துணைகொண்டு இயக்குநர் இதனைச் சாதிக்கிறார். பழங்கால உடையும் அணியும் கண்காட்சிப் பொருள்களாக நில்லாமல், கதைமாந்தர் வாழும் உலகமாகவே அமைகின்றன. சபீன் அசேமா மத்தில்டாகவும், பியேர் ஆர்திதி லார்சானாகவும், ஒலிவியே கூர்மே தார்ஸாக்காகவும், மைக்கேல் லான்ஸ்டேல் பேராசிரியராகவும் நடித்துள்ளனர். ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. நாவலின் நிருபன் பதினெட்டு வயது வாலிபன். நடித்தவருக்கோ அப்போது நாற்பது வயது அளவில் இருக்கும். பெரியோரை எதிர்த்துப் பேசும் சிறுவனின் துடுக்கு இதனால் சற்றுக் குறைகிறது. சிந்தித்துப் பார்க்கும் மனிதனின் தனிமை கூடுகிறது. இழப்பும் பேறும் சமம் எனலாம். 2005இல் இதன் தொடர்ச்சியான ‘கறுப்புடைச் சீமாட்டியின் நறுமணம்’ என்னும் நாவலையும் இதே குழுவினர் படமாக்கினர்.

இனி, இந்தக் கதையால் நமக்கு ஆவதென்ன? பிறந்த ஊரை விட்டு வேற்று மொழி வழங்கும் நகரில் குடியிருப்பவர்க்கு, ‘நம்மவர் அல்லர்’ என்ற சொல்லின் எடை தெரியும். தெருவில் ஒரு பொருள் காணாமற் போனால், அயலவன் வீட்டுக் கதவைத்தான் கண்கள் முதலில் நாடும். நம்மிடமும் அப்பழக்கம் இல்லாமலில்லை. நேற்று வந்த வேலையாளை, நமக்கும் பின்னால் வந்த குடியேறியை, நாமும் அப்படியே பார்க்கிறோம். முடிவை முதலில் வைத்துக்கொண்டால், பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். சந்தேகம் எழுவதைத் தடுக்க இயலாது. எழுந்த சந்தேகத்தை, அதனைச் சொன்னவரின் புகழைக் கொண்டன்றிச் சான்றைக் கொண்டே சோதிப்பது இயலும். மஞ்சள் அறையை அந்த இளைஞன் திறந்த சாவி அதுவே. அது எல்லோர் கைக்கும் எட்டக்கூடிய சாவிதான்.