தளபதியின் கையில் தராசு

வழக்கைத் தொடுப்பதா, தூக்கியெறிவதா என்று முடிவு செய்பவன் யார்? குற்றவாளியின் மேலதிகாரி! முறையிடும் பெண்ணுக்கும் அவனே மேலதிகாரி. அமெரிக்கப் படையில் நெடுங்காலம் இதற்கு நீதி என்று பெயர். 1950-இல் இயற்றப்பட்ட இராணுவ நீதிச் சட்டமும் தராசைத் தளபதியின் கையிலேயே விட்டுவைத்தது.

விளைவு? 1991 செப்டம்பரில் லாஸ் வேகஸ் விடுதியொன்றில் கடற்படை விமானிகளின் 'டெயில்ஹூக்' மாநாடு கூடிற்று. 83 பெண்களும் 7 ஆண்களும் அங்கே பாலியல் தாக்குதலுக்கு ஆளாயினர் என்று பாதுகாப்புத் துறையின் விசாரணையே ஒப்புக்கொண்டது. கடற்படைச் செயலர் பதவி விலகினார். இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை!

பெண்ணின் மானம் போயிற்று என்று பேசுகிறது பழமை. தாக்கியவனுக்கன்றோ மானம் போயிற்று!

2012-இல் இத்தாலியின் அவியானோ விமானத் தளத்தில் அதிகாரி ஒருவன் பாலியல் குற்றவாளி என்று இராணுவ நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2013 பிப்ரவரியில் ஒரு தளபதி அத்தீர்ப்பைத் தன் கையொப்பத்தாலேயே தள்ளுபடி செய்தார். நாடு கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில், பெருங்குற்றங்களில் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் தளபதிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆயினும், வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அவர்களிடமே தங்கிற்று. அதையும் விலக்கக் கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் அம்மையார் கொணர்ந்த மசோதாவுக்கு 2014 மார்ச்சில் செனட் சபையில் ஆதரவு 55, எதிர்ப்பு 45. முட்டுக்கட்டையைத் தாண்ட 60 வாக்கு வேண்டுமாம். பெரும்பான்மை பெற்றும் மசோதா வீழ்ந்தது. கட்டுப்பாடு குலைந்துவிடும் என்றனர் எதிர்த்தோர். எந்தக் கட்டுப்பாடு? வாய்மூடிக் கிடக்கும் கட்டுப்பாடா?

2020 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஹூட் தளத்தில், 20 வயது வீராங்கனை வனெசா கியேன் சக வீரன் ஒருவனால் கொல்லப்பட்டார். வேறொரு மேலாள் அவருக்குப் பாலியல் தொல்லை தந்ததும், செய்தி எட்டியும் அவரது பிரிவின் தலைமை வாளாவிருந்ததும் பின்னர் இராணுவத்தின் விசாரணையிலேயே வெளிப்பட்டன. அந்தச் சாவு தெருவெங்கும் குரலாயிற்று. 2021 டிசம்பர் 27-இல் புதிய சட்டம் கையொப்பமாயிற்று. பாலியல் வன்முறை, கொலை முதலிய குற்றங்களில் வழக்குத் தொடுக்கும் முடிவு, தளபதிகளுக்குக் கட்டுப்படாத தனி வழக்குரைஞர்களிடம் சென்றது. 2023 டிசம்பர் 28 முதல் அது நடைமுறை. இடையே, 2022 சனவரியில், பாலியல் தொல்லை இராணுவச் சட்டத்தில் தனிக்குற்றமாக்கப்பட்டது.

இன்னுமொரு பூட்டு மிச்சம். பணியின்போது நேர்ந்த தீங்குக்காகப் படைவீரர் அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடர இயலாது என்று 1950-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு நீக்கப்படவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான வீராங்கனைகளின் வழக்குகளையும் அதைக் காட்டியே நீதிமன்றங்கள் திருப்பியனுப்பியிருக்கின்றன.