உப்பளத்துல முதலாளி யாரு? அரசு வக்கீல்கள் சொன்ன மூணு பதில்கள்

1/ ஈ.சி.ஆர்-ல புதுச்சேரி போறப்போ மரக்காணத்தைத் தாண்டியிருப்பீங்க. ரோட்டோரம் பாத்தி பாத்தியா உப்பளம், நடுநடுவே வெள்ளைக் குவியல். அழகா இருக்கேன்னு வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்திருப்பீங்க. அந்த உப்பை வாரின கைக்குக் கூலி தர வேண்டியது யாருன்னு யோசிச்சிருக்கீங்களா? இன்னிக்கு அதைப் பத்திதான்.

2/ ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. கால் வெடிப்பு, உப்பு பளபளப்புல கண் கூச்சம், சிறுநீர்த் தொற்று, வெயில்ல உடம்புத் தண்ணி வத்திச் சிறுநீரகம் கெடுறது. உப்பளத் தொழிலாளிகளுக்கு வர்ற நோய்கள் இதெல்லாம். "நிறைய தண்ணி குடிங்க, அப்பப்போ நிழல்ல உக்காருங்க"ன்னு நாங்க சீட்டு எழுதலாம். ஆனா உக்காந்த நேரத்துக்குக் கூலி கிடையாதுன்னா அந்தச் சீட்டு வெறும் காகிதம்தான்.

3/ இந்தக் கடற்கரையில உப்பளம் இருக்குற நிலத்துல பெரும்பகுதி அரசோடது. அது குத்தகைக்குப் போகுது. குத்தகைதாரர் ஆள் வெச்சு வேலை வாங்குறார். நிலம் ஒருத்தருக்கு, லாபம் ஒருத்தருக்கு, வெயில் இன்னொருத்தருக்கு. அப்போ கூலி குறைஞ்சா யாரைக் கேக்குறது?

4/ இந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போறப்பல்லாம் அரசுத் தரப்பு வக்கீல்கள் சுத்திச் சுத்தி மூணே பதில்தான் சொல்லியிருக்காங்க.
ஒண்ணு: "நாங்க நடத்துறது தொழிலே இல்ல."
ரெண்டு: "அவங்க எங்க ஆளே இல்ல."
மூணு: "அது கூலியே இல்ல, நிவாரணம்."
ஒவ்வொண்ணா பாப்போம்.

5/ முதல் பதில் எங்க ஆஸ்பத்திரியில இருந்தே தொடங்குது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்துல இரண்டு வார்டு பணியாளர்களை வேலையை விட்டு நிறுத்தினாங்க. ஆட்குறைப்புன்னா சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டைத் தரல. சங்கம் கேஸ் போட்டுச்சு. "ஆஸ்பத்திரி சேவை செய்ற இடம், தொழில் இல்ல. அதனால தொழில் தகராறுச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது"ன்னு பம்பாய் அரசு வாதாடுச்சு.

6/ 1960-ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஆஸ்பத்திரியும் தொழில்தான்னு சொல்லிடுச்சு. கதை அங்க முடியல. 1970-ல டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்குல, ஒரு ஊழியரோட சம்பளப் பாக்கியை ஒட்டி அதே வாதம் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை அரசு ஜெயிச்சுது. அரசு ஆஸ்பத்திரி தொழில் இல்லன்னு தீர்ப்பு. வார்டைத் துடைக்கிறவங்களுக்கு அந்தச் சட்டத்தோட கதவு மூடிடுச்சு.

7/ மறுபடி திறந்தது 1978-ல. பெங்களூரு குடிநீர் வாரியம் தன் ஊழியர்களுக்கு அபராதம் போட்டு பணத்தைப் பிடிச்சுது. ஊழியர்கள் வழக்குப் போட்டாங்க. வாரியம் சொன்ன பதில், நீங்க நினைச்சதேதான்: "நாங்க தொழில் இல்ல." ஏழு நீதிபதிகள் அமர்வு. கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்போட சாரம் இதுதான்: முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, முறையா, மக்களுக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ உண்டாக்கினா அது தொழில். லாப நோக்கம் இருக்கா இல்லையான்னு பாக்க வேண்டாம். ஆஸ்பத்திரியும் மறுபடி உள்ள வந்துச்சு.

8/ இரண்டாவது பதில்தான் மரக்காணத்துக்கு ரொம்பப் பக்கம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி ஞாபகம் இருக்கா? ஸ்டேடியமும் மேம்பாலமும் கட்ட வெளி மாநிலங்கள்ல இருந்து ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. அப்போ குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடிச்சுத் தந்த ஜமேதார் அதுல ஒரு ரூபாயைக் கமிஷனா எடுத்துக்கிட்டார். பெண்களுக்கு அதைவிடக் குறைச்சல்.

9/ பி.யு.டி.ஆர். என்ற மக்கள் உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதுச்சு. அந்தக் கடிதமே வழக்காச்சு. அரசுத் தரப்பு வாதம்: "இவங்க கான்ட்ராக்டரோட ஆளுங்க. குறை இருந்தா அவரைக் கேளுங்க. எங்க மேல ரிட் போட முடியாது."

10/ 1982 செப்டம்பர் 18 அன்னிக்கு வந்த தீர்ப்பை இன்னிக்கும் சட்டக் கல்லூரிகள்ல படிக்கிறாங்க. வேலை அரசோடதுன்னா, கான்ட்ராக்டரைக் காட்டிட்டு அரசு தப்பிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லுச்சு. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ வேலை வாங்குறது, அரசியல் சாசனப் பிரிவு 23 தடை செய்யுற கட்டாய உழைப்பு. யாரும் சாட்டை எடுத்து அடிக்க வேணாம். பசி கட்டாயப்படுத்தினாலும் அது கட்டாயம்தான்.

11/ இங்க ஒரு நுணுக்கம். ஸ்டேடியம் கட்டினது அரசோட வேலை. ஆனா உப்பளத்துல அரசு நிலத்தைக் குத்தகைக்கு விடுது, அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணு இல்ல, வக்கீல் அதைக் கட்டாயம் சொல்வார். ஆனா அதே தீர்ப்பு இன்னொண்ணும் சொல்லுது: பிரிவு 23 தனியாரையும் கட்டுப்படுத்தும், அதை மீறினா தடுக்க வேண்டியது அரசோட கடமை. அதனால "குத்தகைதாரர் பாத்துப்பார்"ன்னு சொல்லிட்டு அரசு விலகி நிக்க முடியாது.

12/ மூணாவது பதில். ராஜஸ்தான்ல பஞ்ச காலத்துல சாலை போடுற வேலை. அங்க குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய். குழுவா வேலை செஞ்ச அளவைப் பாத்துக் கூலியைப் பிரிச்சதால பலருக்கு, முக்கியமா பெண்களுக்கு, அதுகூட வரல. திலோனியாவைச் சேர்ந்த சஞ்சித் ராய் வழக்குப் போட்டார். மாநில அரசு, பஞ்ச நிவாரண வேலைக்குத் தொழிலாளர் சட்டத்துல இருந்து விலக்கு தர்ற 1964-ம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டுச்சு. "நாங்க செய்றது உதவி"ன்னு வாதம்.

13/ 1983-ல கோர்ட் கேட்ட கேள்வியோட சாரம் இது: அவங்க போட்ட சாலையை ஊரே பயன்படுத்துதே, அப்புறம் அது எப்படி தர்மம் ஆகும்? வேலை வாங்கினா கூலி குடுக்கணும். அந்த விலக்கு குறைந்தபட்சக் கூலி விஷயத்துல செல்லாது.

14/ மரக்காணத்துல அக்டோபர்ல மழை பிடிச்சா உப்பு வேலை நின்னுடும். அந்த மாசங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சது நல்ல விஷயம். அது நிஜமாவே நிவாரணம், ஏன்னா அப்போ வேலை இல்ல. ஆனா வெயில்ல வாரின உப்புக்குத் தர்றது நிவாரணம் இல்ல, கூலி. இந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

15/ இதுவரை படிச்சிட்டு, அரசு வக்கீல்னா வில்லன்னு நினைச்சா அது தப்பு. அவர் தன் கட்சிக்காரருக்காகப் பேசுறவர். கட்சிக்காரர் என்ன சொல்லச் சொல்றார்ங்கறதுதான் விஷயம். நம்ம ஊர் உதாரணம் 2003. ஜூலையில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சுமார் 1.7 லட்சம் பேரை அரசு டிஸ்மிஸ் பண்ணிடுச்சு. உச்ச நீதிமன்றத்துல தமிழ்நாடு அரசுக்காக நின்னவர் கே.கே.வேணுகோபால்.

16/ சட்டக் கேள்வியில அரசு முழுசா ஜெயிச்சுது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லன்னே தீர்ப்பு வந்துச்சு. அதே வழக்குலதான், அரசு சொன்னபடி வேணுகோபால் கோர்ட்ல ஒரு உறுதி தந்தார்: கைதான 2,200 பேரையும் எஃப்.ஐ.ஆர். இருக்குறவங்களையும் தவிர மத்தவங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்குவோம். மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் குடுத்துட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் திரும்ப வந்துச்சு.

17/ இன்னொரு வகை வக்கீலும் உண்டு. 2010-ல 100 நாள் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ தரலாமான்னு கேள்வி வந்தப்போ, அப்போ கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலா இருந்த இந்திரா ஜெய்சிங், அப்படித் தந்தா அது கட்டாய உழைப்பு ஆயிடும்னு கருத்து எழுதினார். தன் கட்சிக்காரரான அரசுக்கே "இது தப்பு"ன்னு எழுதிக் குடுத்தார். 1982 தீர்ப்பு அரசு வக்கீலோட பேனாவிலேயே திரும்ப வந்துச்சு. அரசு அதை அப்படியே ஏத்துக்கல. 2011 ஜனவரியில 100 நாள் கூலியை விலைவாசிப் புள்ளியோட இணைச்சாங்க, குறைந்தபட்சக் கூலியோட இணைக்கல.

18/ நோய் முத்தின பிறகு ஐ.சி.யு-ல செய்ற வைத்தியத்தைவிட, வரும்முன் சொல்ற ஒரு வார்த்தை மேல்னு நாங்க சொல்லுவோம். அரசு வக்கீலுக்கும் அதேதான். அவரோட பெரிய வேலை கோர்ட்ல ஜெயிக்கிறது இல்ல. வழக்கு வர்றதுக்கு முன்னாடியே "கூலியைக் குடுத்துடுங்க"ன்னு கோப்புல எழுதுறது.

19/ கடைசியா, கைக்கு உதவுற விஷயம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. குறைந்தபட்சக் கூலி பாக்கிக்கு முன்னாடி ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். இப்போ மூணு வருஷம் வரைக்கும் போடலாம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க. சாட்சி அதுதான்.

20/ அரசுக்கு வக்கீல் ரெடியா இருப்பார். உப்பு வாருறவங்களுக்கு? பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. விழுப்புரத்துல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. போன் நம்பர் 15100. அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இந்த நம்பரை மட்டுமாவது அனுப்பி வைங்க.