தடங்கலுக்கு நடுவே ஒரு முகம்: முதல் தொலைக்காட்சி அறிவிப்பாளர்களின் கதை

நம் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு புன்னகை வரும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, பாட்டின் நடுவில் திரையில் வந்து நின்ற அட்டை அது. அட்டை போனதும் பெரும்பாலும் ஓர் அறிவிப்பாளர் வருவார். பட்டுப்புடவை, தலையில் பூ, அளவான சிரிப்பு. எதுவுமே நடக்காதது போல அடுத்த நிகழ்ச்சியைச் சொல்வார். நிகழ்ச்சிகளின் பெயர்கள் மறந்துபோனவர்களுக்குக்கூட அந்த முகங்கள் மறக்கவில்லை.

இப்போது அந்த வேலையே ஏறக்குறைய இல்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தொகுப்பாளர்கள் உண்டு. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் வந்து, அடுத்தது என்ன என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அந்த வேலைக்கு முதன்முதலில் சேர்ந்தவர்கள் யார், எப்படிச் சேர்ந்தார்கள் என்று இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பார்ப்போம். அதற்கு நாம் 1936-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

முன் அனுபவம் யாருக்கும் இல்லாத வேலை

லண்டனின் வடக்கே ஒரு குன்றின் மேல் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. 1873-இல் பொதுமக்களின் பொழுதுபோக்குக்காகத் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியை பிபிசி வாடகைக்கு எடுத்து, ஸ்டுடியோக்களும் உயரமான கோபுரமும் அமைத்தது. தெளிவான படத்துடன் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பை அங்கிருந்து தொடங்குவதாகத் திட்டம்.

இயந்திரங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஆனால் திரையில் வந்து பேச யாரை வைப்பது? வானொலியில் அறிவிப்பாளரின் முகம் யாருக்கும் தெரியாது. மேடையில் நடிகர் தெரிவார், ஆனால் பார்வையாளர் எதிரிலேயே இருப்பார்கள். இங்கே நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத குடும்பங்களைப் பார்த்து, விருந்தாளியைப் போலப் பேச வேண்டும். முன் அனுபவம் கேட்கவே முடியாது, ஏனென்றால் அந்த அனுபவம் உள்ளவர் யாருமே இல்லை.

1936-இன் தொடக்கத்தில் இரண்டு பெண் அறிவிப்பாளர்கள் தேவை என்ற செய்தி வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். நிபந்தனைகள் நீளமானவை. நல்ல தோற்றம் வேண்டும், குரல் வேண்டும், நினைவாற்றல் வேண்டும், யாரோடும் இதமாகப் பழகத் தெரிய வேண்டும். செந்நிற முடி இருக்கக் கூடாது, அக்காலக் கேமராவில் அது சரியாக விழாது என்று கருதினார்கள். முக்கியமாக, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. 1932 முதலே மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதை பிபிசி பொதுவாகத் தவிர்த்து வந்தது. 1944-இல்தான் அந்த விதி போயிற்று.

தேர்வானவர்கள் ஜாஸ்மின் பிளை, எலிசபெத் கோவெல். இருவருக்கும் இருபதுகளின் வயது. ஜாஸ்மினுக்கு நாடக மேடையில் பழக்கம் உண்டு. ஆண் அறிவிப்பாளராக லெஸ்லி மிட்செல் வந்தார், நடிப்பும் வானொலியும் அறிந்தவர். இந்த மூவரும்தான் பிபிசி தொலைக்காட்சியின் முதல் முகங்கள்.

இருட்டறையில் முதல் பாடம்

அவர்கள் சேர்ந்த நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் முறைகள் போட்டியில் இருந்தன. ஒன்று ஜான் லோகி பேர்டுடையது, 240 கோடுகள் கொண்ட படம். மற்றது மார்கோனி-இஎம்ஐ நிறுவனத்துடையது, 405 கோடுகள். எது சிறந்தது என்று பார்க்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என முடிவானது.

பேர்டு முறையில் அறிவிப்பாளருக்கென்று ஒரு சிறிய அறை. உள்ளே இருட்டு. ஒரே ஓர் ஒளிப்புள்ளி மின்னல் வேகத்தில் முகத்தின் மேல் வரிவரியாக ஓடும். முகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கொண்டு படம் உருவாகும். முகத்தில் அடர்த்தியான மேக்கப். தலையும் தோளும் மட்டுமே தெரியும், அதனால் அசையவும் அதிக இடமில்லை. அந்த இருட்டில் கையில் காகிதம் வைத்திருந்தாலும் படிக்க முடியாது.

எதிர் அணியின் ஸ்டுடியோவில் இருட்டு இல்லை, ஆனால் விளக்குகளின் சூடு அதிகம். அங்கேயும் பார்த்துப் படிக்க எதுவும் கிடையாது. இன்று செய்தி வாசிப்பவர்கள் நம் கண்ணைப் பார்த்தபடியே பேசுவதற்கு உதவும் டெலிபிராம்ப்டர், 1950-வாக்கில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே 1936-இன் அறிவிப்பாளர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நடனக் கலைஞரின் பெயர், அவர் எந்த ஊர், அடுத்து யார், இரவு என்ன என எல்லாம் தலைக்குள்தான். எல்லாமே நேரடி ஒளிபரப்பு. தவறிச் சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை. விண்ணப்பத்தில் நினைவாற்றலை வற்புறுத்தியதன் காரணம் இப்போது புரிகிறது.

பயிற்சிக்கு நிறைய அவகாசம் கிடைக்கும் என்று நினைத்திருந்தால் அதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் மாதக் கடைசியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் வானொலிக் கண்காட்சி. அங்கே மக்களுக்குத் தொலைக்காட்சியைக் காட்ட வேண்டும் என்று கடைசி நேரத்தில் கேட்டார்கள். பத்து நாள்கூட இல்லாத அவகாசத்தில் ஒரு கலைநிகழ்ச்சி உருவானது. ஆகஸ்ட் 26 அன்று அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து லெஸ்லி மிட்செல் கண்காட்சியில் இருந்தவர்களை வரவேற்றுப் பேசினார்.

நவம்பர் 2, பிற்பகல் 3 மணிக்கு முறையான தொடக்க விழா. எந்த முறை முதலில் என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே முடிவு செய்தார்கள். பேர்டு அணிக்கு வாய்ப்பு விழுந்தது. பிரமுகர்கள் பேசி முடித்ததும், அதே விழாவை மற்ற முறையில் இன்னொரு தடவை நடத்தினார்கள்! அன்று லண்டன் வட்டாரத்தில் சில நூறு வீடுகளில் மட்டுமே பெட்டி இருந்திருக்கும். ஒரு பெட்டியின் விலை சிறிய கார் ஒன்றின் விலையை நெருங்கியது. மூன்று மாதத்திலேயே பேர்டு முறை கைவிடப்பட்டது. 1937 பிப்ரவரி முதல் மார்கோனி-இஎம்ஐ முறை மட்டுமே. இருட்டறை வேலை அதோடு முடிந்தது.

வேலையின் உண்மையான பொருள்

தினமும் பிற்பகல் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம். ஞாயிறு விடுமுறை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குக் கேமராவை நகர்த்த வேண்டும், பின்னணியை மாற்ற வேண்டும், கலைஞர் உடை மாற்ற வேண்டும். இயந்திரம் நின்றால் பழுது பார்க்க வேண்டும். அந்த இடைவெளி முழுவதையும் நிரப்ப வேண்டியவர் அறிவிப்பாளர். உள்ளே எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் அவசரமே இல்லாதவரைப் போல நிற்க வேண்டும். நல்ல உடையும் சிரிப்பும் வேலையின் வெளித்தோற்றம். வேலையின் சாரம், தடங்கலை வீட்டில் இருப்பவர்கள் உணராமல் பார்த்துக்கொள்வதுதான்.

அதனால்தான் மக்கள் அவர்களிடம் அவ்வளவு ஒட்டுதலோடு இருந்தார்கள். பாடகர் ஒரு நாள் வருவார், போவார். அறிவிப்பாளர் தினமும் வருவார். 1939 செப்டம்பர் 1 அன்று, போர் தொடங்கும் தறுவாயில், பிபிசி தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. அதன் அலைகள் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம். அப்போது ஏறக்குறைய 20,000 வீடுகளில் பெட்டி இருந்தது. கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் திரை இருண்டே கிடந்தது. 1946 ஜூன் 7 அன்று ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியபோது, மக்களை முதலில் வரவேற்கத் தேர்ந்தெடுத்தது ஜாஸ்மினைத்தான். என்னை நினைவிருக்கிறதா என்று அவர் நேயர்களைக் கேட்டார். நடுவில் ஓர் உலகப் போரே நடந்து முடிந்திருந்தது. அதையும் ஒரு தடங்கலைப் போலக் கடந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஒரு தெரிந்த முகம் தேவைப்பட்டது.

சிரிக்கலாம், செய்தி சொல்லக் கூடாது

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

1933-இல் பிபிசி வானொலியில் ஷீலா போரட் என்ற பெண்ணுக்கு அறிவிப்பாளர் வேலை கொடுத்தார்கள். நேயர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள். எழுதியவர்களில் பெண்களும் ஏராளம். சில மாதங்களிலேயே அவர் அந்தப் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சிக்கு இரண்டு பெண்களைத் தேடியதும் இதே நிறுவனம்தான். முரணாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் முரண் இல்லை. நிகழ்ச்சியை அறிமுகம் செய்யப் பெண் முகம் அழகு என்று நினைத்தார்கள். நாட்டு நடப்பைச் சொல்ல மட்டும் பெண் குரலுக்குக் கனம் போதாது என்று நினைத்தார்கள்.

போருக்குப் பின் வந்த அறிவிப்பாளர்களில் மணமானவர்களும் இருந்தார்கள், மேரி மால்கம் அவர்களில் ஒருவர். 1947-இல் சேர்ந்த சில்வியா பீட்டர்ஸ், 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா ஒளிபரப்பை அறிமுகம் செய்தவர். சுமார் 2 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். 1957-இல் ராணி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்தவிருந்தபோது, கேமரா முன் எப்படிப் பேசுவது என்று காட்டும் பயிற்சிப் படத்தில் பேசியவரும் அவரே. நாட்டின் ராணிக்கே பாடம் எடுக்கும் தேர்ச்சி! ஆனாலும் பிபிசியின் தேசியத் தொலைக்காட்சிச் செய்தியை வாசிக்க ஒரு பெண்ணுக்கு 1960-இல்தான் வாய்ப்புக் கிடைத்தது. நான் விண்டன் என்ற அவரையும் நேயர்கள் ஏற்கவில்லை என்று சொல்லி சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள். 1975-இல் ஏஞ்சலா ரிப்பன் வந்த பிறகே அங்கே அது வழக்கமானது.

நம் நாட்டில் இது வேறு விதமாக நடந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கியது. 1965-இல் தினசரி ஒளிபரப்பு வந்தபோது, ஐந்து நிமிடச் செய்தியை வாசித்தவர் பிரதிமா புரி, ஒரு பெண். வானொலியிலிருந்து வந்தவர். ஏஞ்சலா ரிப்பனுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பெண் நாட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டார். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. நம் வீட்டுக் கூடங்களில் அறிவிப்பும் செய்தியும் பெண் குரலில் வருவது ஓர் அதிசயமாக இல்லாமல் போனதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

வேலை போன விதம்

அறிவிப்பாளர்கள் மறைந்ததற்கு யாரும் ஆணை போடவில்லை. இயந்திரங்கள் நம்பகமாகின. நிகழ்ச்சிகளை முன்பே பதிவு செய்துவைக்கும் வசதி வந்தது. இடைவெளிகளில் விளம்பரம் போட்டால் பணம் கிடைத்தது. 1950-களில் பிபிசி இடைவெளிகளை நிரப்ப, குயவர் சக்கரத்தில் பானை வனையும் குறும்படம்கூடக் காட்டியது. இன்று ஒரு நொடி இடைவெளியும் விடுவதில்லை. தடங்கல் இல்லாத இடத்தில் தடங்கலைத் தாங்கும் ஆளும் தேவையில்லை.

ஆனால் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் அந்தத் தேவை இன்னும் இருக்கிறது. குழந்தைகள் நடனத்துக்குப் பாட்டு ஓடாது. அடுத்த குழு மேக்கப் அறையிலேயே இருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை அரங்கம் சலசலக்கும். அப்போது மைக்கைப் பிடித்து நிற்பவர், பெரும்பாலும் முதன்முறையாக மேடை ஏறியவர், சிரித்தபடி நான்கு வார்த்தை பேசிச் சமாளிப்பார். ஜாஸ்மினும் எலிசபெத்தும் லெஸ்லியும் அந்தக் குன்றின் மேல் பழகிய வேலை இதுதான். அடுத்த விழாவில் நடனமாடிய பிள்ளைகளுக்குக் கை தட்டும்போது, நடுவில் நின்றவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் வளாகத்தில் பலர் இருக்கிறீர்கள். எந்த வீட்டில் முதல் பெட்டி வந்தது, எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள், எந்த அறிவிப்பாளரின் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த காலாண்டு இதழில் சேர்த்து வெளியிடலாம்.