திருமலையின் இரண்டு படிவழிகள்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறு நல்லுலகுக்கு வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடமான திருமலையில் ஏற இன்றும் இரண்டு நடைபாதைகள் உள்ளன. திருப்பதி அடிவாரத்து அலிபிரியில் தொடங்குவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம் சீனிவாசமங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு 2 கிலோமீட்டரை ஒட்டியது, 2,388 படிகள். தூரம் குறைவென்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதியிலேயே மூச்சு வாங்குவார்கள், ஏற்றம் அப்படி.

சந்திரகிரிக் கோட்டைக்கு அருகில் இருந்ததால், இந்தக் குறுக்குவழி அரசர்கள் ஏறிய வழி என்பது ஊர் வழக்கு. 1513 முதல் விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் ஏழு முறை திருமலைக்கு வந்ததைக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அலிபிரி வழிக்குக் கதைகள் அதிகம். தொடக்கத்திலுள்ள தலயேரு குண்டு என்ற பாறையில் தலையையும் முழங்காலையும் முட்டிவிட்டு ஏறினால் வலி வராது என்பது நம்பிக்கை. முட்டி முட்டியே பாறையில் வழவழப்பான குழிகள் விழுந்திருக்கின்றன. வழியிலுள்ள காலி கோபுரத்தைக் கடந்து நெடுந்தூரம் போனால் 'முழங்கால் மலை' என்று பொருள்படும் மோகாள்ள பர்வதம். மலையை மிதிக்கக் கூசி இராமானுசர் முழங்காலாலேயே ஏறினார் என்பார்கள். பின்னாளில் கீர்த்தனைகள் பாடிய அன்னமாச்சாரியார் சிறுவனாக ஏறியபோது களைத்துத் தூங்கியதும் இங்கேதான் என்கிறது மரபு. வேண்டுதலுக்காகப் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறுபவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம்.

திருமலை அமைந்த சேஷாசலம் எரிமலை கக்கிய மலையன்று. பழைய கிரானைட்டின்மேல் மணல் படிந்து இறுகிய குவார்ட்சைட் பாறை. அடுக்குகள் விட்ட இடமெல்லாம் செங்குத்துச் சரிவு, இடுக்குகளில் சுனை. காட்டில் செம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

1944-இல் மலைச்சாலை திறக்கும்வரை மேலே போக நடைதான், இல்லாவிட்டால் டோலி. இரண்டாம் சாலை 1974-இல் வந்தது. பேருந்து வந்தபின் படி வழக்கொழியும் என்று எண்ணியிருந்தால் அது பொய்த்தது: கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் படிவழிக்குக் கூரை போட்டது, விளக்கு வைத்தது. 2021 நவம்பர் மழையில் சிதைந்த ஸ்ரீவாரி மெட்டு, செப்பனிடப்பட்டு 2022 மே மாதம் திறந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றதும், 15 வயதுக்குட்பட்டவர்கள் பிற்பகல் 2 மணிக்குமேல் ஏறத் தடை வந்தது. நடப்பவர்கள் கையில் தடியும் கொடுத்தார்கள்.